மே மாசத்துல வேன்ல குடும்பத்தோட கிளம்புறவங்களுக்கு

ஸ்கூல் லீவு விட்டாச்சு. குலதெய்வம் கோயில், ராமேஸ்வரம், கொடைக்கானல்னு பாதிப் பேர் வேன் பேசி அட்வான்ஸும் கொடுத்திருப்பீங்க. இப்போ சிலர் ஒரு படி மேலே போய், பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழட்டி, கட்டில் போட்டு, அதுலேயே படுத்து எழுந்து ஊர் சுத்துறாங்க. போன வாரம் மட்டும் ரெண்டு நண்பர்கள் போன் பண்ணிக் கேட்டாங்க: "டாக்டர், வண்டிக்கு எத்தனை டன் ஏசி போடலாம்?"

ஏசி மெக்கானிக்கிட்ட கேட்க வேண்டியதை என்கிட்ட ஏன் கேட்கிறாங்கன்னு முதல்ல சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசிச்சா, ஆள் சரிதான். வேனுக்குள்ள வெந்து போனவங்களைப் பார்க்கிறது கடைசியில கேஷுவால்ட்டியில உட்கார்ந்திருக்கிற நாங்கதானே. அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

எனக்கு ஊர் கரூர் பக்கம். மே மாசத்துல டிவியில வெயில் கணக்கு வாசிக்கும்போது "கரூர் பரமத்தி"ன்னு அடிக்கடி காதுல விழுமே, அந்த ஏரியா. கரூர்ல கொசுவலைக்கு அடுத்தபடியா பேர் போன தொழில் பஸ் பாடி கட்டுறது. என் அம்மாவோட தம்பி, என் மாமா, முப்பது வருசம் பாடி கட்டுற பட்டறையில வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆன கையோட ஒரு பழைய டிராவலரை வாங்கி வீட்டு வண்டியா மாத்திட்டார். (சீட்டை எடுத்துக் கட்டில் போடுறது சும்மா செஞ்சுட்டுப் போற வேலை இல்லைங்க. ஆர்டிஓ ஆபீஸ்ல அனுமதி வாங்கி ஆர்சி புக்குல ஏத்தணும். மாமா ஏத்தினார். நீங்களும் ஏத்துங்க.)

வண்டி ரெடியானதும் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். "மாமா, ஏசி எத்தனை டன்?"

அவர் கூரையைத் தட்டிக் காட்டினார். "மாப்ளே, வெயிலை இந்தத் தகரத்துக்கு மேலயே நிறுத்திப்போடோணும். உள்ள வந்ததுக்கு அப்பறம் அதைத் தள்ளிட்டுப் போறதுக்குக் காசு பத்தாது."

அவர் சொன்னதைக் கணக்காப் பார்ப்போம். நடு மதிய வெயில் ஒரு சதுர மீட்டர் இடத்துல ஏறக்குறைய 1000 வாட் கொட்டுது. வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒண்ணு அவ்வளவுதான் இருக்கும். டிராவலரோட கூரை தோராயமா 10 சதுர மீட்டர். ஆக, உச்சி வெயில்ல நிற்கிற வண்டியின் தலையில 10 இஸ்திரிப் பெட்டி எரியுது. ஒரு டன் ஏசி வெளியே தள்ளுற சூடு 3500 வாட். மேலே விழுறது அத்தனையும் உள்ளே இறங்காதுதான். ஆனாலும் யார் ஜெயிப்பாங்கன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

சரி, பேட்டரியில ஏசி ஓட்டலாம்னா? 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில இருக்கிறது மொத்தமே 1200 வாட் ஹவர். சாதாரண லெட் ஆசிட் பேட்டரியா இருந்தா அதுல பாதிக்கு மேல எடுக்கக் கூடாது. ஒரு டன் ஏசிக்கு மணிக்கு 1000 வாட்டுக்குப் பக்கமா வேணும். அரை மணி நேரத்துல கதை முடிஞ்சுது. அதே பேட்டரியில 25 வாட் சின்ன ஃபேன் ராத்திரி முழுக்க ஓடும்.

மாமா செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது கூரை மேல கூரை. வண்டிக்கு மேல கேரியர் இருக்கும் இல்லையா, அதுல மூங்கில் பட்டை அடிச்சு, மேலே வெள்ளைத் தார்ப்பாய் கட்டிட்டார். தகரத்துக்கும் தார்ப்பாய்க்கும் நடுவுல அரை அடி இடைவெளி. அந்த இடைவெளிதான் சூட்சுமம்னு சொல்வார். வெயில் தார்ப்பாயைச் சுடும், நடுவுல காத்து ஓடி அந்தச் சூட்டை அள்ளிட்டுப் போயிடும், தகரம் தப்பிச்சுக்கும். தார்ப்பாயைத் தகரத்தோட ஒட்டிப் போட்டா இது நடக்காது. வண்டி ஓடும்போது அவிழ்த்து மடிச்சு வச்சுடுவார், இல்லைன்னா காத்துல கிழிஞ்சிடும். தகரத்துக்கும் வெள்ளைப் பெயிண்ட். உள்ளே சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவுல கிளாஸ் ஊல்.

கண்ணாடிக்கும் இதே விதிதான். நாம என்ன பண்றோம், உள்பக்கம் திரை போடுறோம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தாச்சு, திரை மேல பட்டுச் சூடாயாச்சு, அந்தச் சூடு இனி வண்டிக்குள்ளதான் சுத்தும். ஒண்ணும் இல்லாததுக்கு அது தேவலாம். ஆனா தட்டியோ, வெள்ளித்தாள் ஒட்டின ஷீட்டோ, சும்மா ஒரு பழைய வேட்டியோ கூட, கண்ணாடிக்கு வெளியே தொங்கினா உள்ளே தொங்குற திரையைவிட நல்லா வேலை செய்யும். வண்டி நிற்கும்போது மட்டும்தான். ஓடும்போது டிரைவருக்கு ரோடு தெரியணும். கறுப்பு ஃபிலிம் ஆசை இருந்தா விட்டுடுங்க. முன், பின் கண்ணாடியில 70 சதவீதம், பக்கத்துக் கண்ணாடியில 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவணும்னு சட்டம் இருக்கு.

நிறுத்துற திசையைப் பத்தி ஒரு வார்த்தை. மே மாசத்துல நம்ம ஊர்ல உச்சிப் பொழுது சூரியன் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கும். அப்போ கூரைக்குத்தான் அடி. கண்ணாடி வழியா வந்து படுத்தி எடுக்கிறது 3 மணிக்கு மேல வர்ற மேற்கு வெயில். அதனால மத்தியானம் ஓய்வுக்கு நிறுத்தும்போது வண்டியோட பின்பக்கம் மேற்கே பார்க்கட்டும். பெரிய முன் கண்ணாடி கிழக்கே திரும்பிடும், நீளமான ரெண்டு பக்கமும் வடக்கு தெற்கா இருக்கும், வெயில் அதிகம் படாது. புளியமரம், வேப்பமரம் கிடைச்சா மேலே சொன்ன எதுவுமே வேண்டாம். தென்னை மரத்தடியில மட்டும் நிறுத்தாதீங்க. ஏன்னு சொல்லணுமா?

இப்போ வைத்தியர் வேலைக்கு வர்றேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு மே மாச ஞாயித்துக்கிழமை. மதியம் மூணு மணி இருக்கும், கேஷுவால்ட்டியில நான் டூட்டி. 108ல ஒரு பெரியவரை இறக்கினாங்க. எழுபது தாண்டின வயசு. வாடகை வேன் எடுத்துக் குடும்பமா கோயிலுக்கு வந்திருக்காங்க. பிரகாரத்துக் கல்லுல காலை வைக்க முடியலை, "நான் வண்டியிலேயே படுத்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொல்லியிருக்கார். ரெண்டு விரக்கடை கண்ணாடியை இறக்கி விட்டுட்டு எல்லாரும் போயிட்டாங்க. கியூ நீளம். ஒண்ணரை மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தப்போ தூங்குறார்னு நினைச்சிருக்காங்க. தட்டி எழுப்பினா கண்ணைத் திறந்து ஏதோ உளர்றார், மகனையே அடையாளம் தெரியலை.

எங்ககிட்ட வந்தப்போ உடம்புச் சூடு 105. அதுவே குறைஞ்சு வந்த சூடு. எப்படிக் குறைஞ்சதுன்னா, கோயில் வாசல்ல பூ விக்கிற ஒரு அம்மா, அவர் உளர்றதைப் பார்த்ததும் யாரையும் கேட்கலை. அவரை நிழல்ல படுக்க வைக்கச் சொல்லி, சட்டையைக் கழட்டி, பூவுக்குத் தெளிக்க வச்சிருந்த குடத்துத் தண்ணியை அப்படியே தலையோட ஊத்தியிருக்காங்க. ஒரு குடம் முடிஞ்சதும் இன்னொண்ணு. பக்கத்துக் கடைக்காரர் அட்டையால விசிறிக்கிட்டே இருந்திருக்கார். 108 வர்ற வரைக்கும் நிறுத்தலை. "சளி புடிச்சுக்கும், ஊத்தாதீங்க"ன்னு கூட வந்தவங்கள்ல ஒருத்தர் தடுத்தாராம். அந்தம்மா காதுலயே வாங்கலை.

நாங்க மிச்சத்தைப் பார்த்தோம். ஈரத்துணி, ஃபேன், அக்குள்லயும் தொடை இடுக்குலயும் ஐஸ், நரம்பு வழியா சலைன். சிறுநீரகம் ரெண்டு நாள் மிரட்டிப் பார்த்தது. ஆறாவது நாள் நடந்து வீட்டுக்குப் போனார். ஹீட் ஸ்ட்ரோக்ல மூளையும் சிறுநீரகமும் கல்லீரலும் எவ்வளவு கெடும்ங்கிறது, உடம்பு எத்தனை நேரம் அந்தச் சூட்டுல இருந்ததுங்கிறதைப் பொறுத்தது. அந்த நேரத்தைக் குறைச்சது பூக்கார அம்மா. முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் வண்டியில ஏத்தணும்னு எங்க பாடப் புத்தகம் சொல்றது இதைத்தான்.

அந்த ரெண்டு விரக்கடை கண்ணாடி இருக்கே, அதைப் பத்திச் சொல்லணும். நிறுத்தின காருக்குள்ள சூடு எப்படி ஏறுதுன்னு அமெரிக்காவுல அளந்து 2005ல ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒரு மணி நேரத்துல உள்ளே சராசரியா 22 டிகிரி செல்சியஸ் கூடுது. அதுலயும் ஏறுற சூட்டுல 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஏறிடுது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சதால பெரிசா வித்தியாசமே இல்லை. வெளியே 38ன்னா உள்ளே 60ஐத் தொடும்னு நீங்களே கூட்டிக்கலாம். சின்னக் குழந்தைகளோட உடம்புச் சூடு பெரியவங்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமா ஏறும். தூங்குற குழந்தையை எழுப்பினா அழும்னு, "அஞ்சே நிமிஷம், டீ குடிச்சிட்டு வந்துடலாம்"னு வண்டியில விடுறவங்களை நான் நிறைய பார்க்கிறேன். அழட்டும்ங்க. தூக்கிட்டு இறங்குங்க.

அப்போ ஏசியை ஓட விட்டுட்டுப் படுத்தா? இதுக்குத்தான் நான் ரொம்பப் பயப்படுறேன்.

கேரளாவுல வடகரைகிட்ட 2024 டிசம்பர்ல ரோட்டோரமா நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. செய்தியில படிச்சிருப்பீங்க. ஜெனரேட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிஞ்சதுதான் காரணம்னு நிபுணர்கள் ஆய்வு பண்ணிக் கண்டுபிடிச்சாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கும், அசதியா இருக்கும். பயணக் களைப்புன்னு நினைச்சுப் படுப்பாங்க. விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கூட அப்போ 98, 99னு நல்ல நம்பரையே காட்டும். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜனுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால எஞ்சினை ஓட விட்டுட்டு மூடின வண்டிக்குள்ள யாரும் தூங்கக் கூடாது. ஜெனரேட்டர் வண்டிக்கு அடியிலயோ பக்கத்துலயோ இருக்கக் கூடாது. வண்டிக்குள்ள அடுப்பும் வேண்டாம், கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம்னு தனியா கிடைக்குது, வீட்டு வண்டி வச்சிருக்கிறவங்க வாங்கி மாட்டுங்க.

ஏசி இல்லாம ராத்திரி எப்படித் தூங்குறது? போன வருசம் மாமா வண்டியில நாங்க ஆறு பேர் ராமேஸ்வரம் போனோம். மாமா, அத்தை, 74 வயசு அம்மாயி, அக்கா, அக்காவோட மூணு வயசுப் பொண்ணு, நான்.

முதல் ராத்திரி ஊர்லயே தோட்டத்துல வண்டியை நிறுத்தி ஒத்திகை. பொழுது சாய்ஞ்சதும் மாமா எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து விட்டு, உள்ளே இருந்த பாய் தலகாணியெல்லாம் வெளியே போட்டார். தகரம் சீக்கிரம் ஆறிடும், மெத்தையும் ரெக்ஸினும்தான் பகல் சூட்டை நடுராத்திரி வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கும்னார். அதனாலதான் அவர் வண்டியில ஃபோம் மெத்தையே கிடையாது, கோரைப்பாயும் பருத்தி விரிப்பும்தான். கூரையில ஒரு திறப்பு, அதுல காத்தை வெளியே தள்ளுற சின்ன ஃபேன். கீழே எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். மேலே சூடு போகப் போக, கீழே குளிர்ந்த காத்து தானா உள்ளே வரும். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை தைச்சு மாட்டியிருந்தார். கரூர்க்காரர் ஆச்சே! சின்ன விஷயம் மாதிரி தெரியும். வலை இல்லைன்னா டெங்குக்குப் பயந்து ஜன்னலை மூடுவோம், அப்புறம் அவ்வளவுதான். தூங்குற ஒரு பெரிய ஆள் உடம்புல இருந்து கிட்டத்தட்ட 80 வாட் சூடு வருது. ஆறு பேர் படுத்தா அஞ்சாறு பழைய குண்டு பல்பு விடிய விடிய எரியுற மாதிரி.

ஜன்னல்ல வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணி தெளிச்சோம். கரூர்க் காத்து வறண்ட காத்து, தண்ணியை உறிஞ்சிக்கிட்டுச் சூட்டை விட்டுடும். அம்மாயி போர்வை கேட்டுச்சுங்க, நம்புவீங்களா?

அதே தட்டியை ராமேஸ்வரத்துல கட்டினோம். கடல் காத்துல ஏற்கெனவே ஈரம். தெளிச்ச தண்ணி ஆவியாகவே இல்லை. அரை மணி நேரத்துல உள்ளே இட்லிப் பானை. "எடுத்து வெளிய வீசு சாமி"ன்னு அம்மாயி சத்தம் போட்டப்புறம் தட்டியை எடுத்துட்டு, கடல் பக்கக் கதவை முழுசாத் திறந்து, காத்தை நேரா ஓட விட்டோம். தூக்கம் வந்தது. திருச்சி, கரூர், வேலூர்னா ஈரம் உதவும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடின்னா காத்தோட்டம் மட்டும்தான் உதவும். ஏர் கூலர் வாங்குறவங்களும் இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

நம்ம உடம்பும் ஒரு வெட்டிவேர்த் தட்டிதான். வேர்வை ஆவியாகும்போதுதான் குளிருது. வழிஞ்சு ஓடுற வேர்வையால பிரயோஜனம் இல்லை. அதனால வண்டிக்குள்ள இருக்கும்போது கழுத்து, கை, கால்ல ஈரத்துணி போட்டு ஃபேன் முன்னாடி உட்காருங்க. வண்டி முழுக்கக் குளிர வைக்கிறதைவிட ஒரு ஆளைக் குளிர வைக்கிறது ரொம்பச் சுலபம். உள்ளே 40 டிகிரியைத் தாண்டிட்டா வெறும் ஃபேன் சூட்டைத்தான் உடம்பு மேல வீசும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அந்த நேரத்துல வண்டியில இருக்கவே கூடாது. நாங்க காலையில 5 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள்ள எங்கேயாவது மண்டபம், சத்திரம், தோப்புன்னு இறங்கிடுவோம். சாயங்காலம் 4 மணிக்கு மேலதான் மறுபடி வண்டி.

பெரியவங்களுக்குத் தாகம் சீக்கிரம் தெரியாது. பாத்ரூம் எங்கே கிடைக்குமோன்னு நம்ம வீட்டுப் பெண்கள் வண்டி ஏறினா தண்ணியே குடிக்க மாட்டாங்க. அம்மாயியும் அப்படித்தான். மணிக்கொரு தடவை நான் டம்ளரை நீட்ட, "இப்பத்தான குடிச்சேன்"னு அது பொய் சொல்லும். பங்க் வந்தா போதும், தேவை இருக்கோ இல்லையோ வண்டியை நிறுத்திடுவோம். அதுக்கப்புறம் ஒழுங்கா குடிச்சுது. மோரும் இளநீரும் நல்லதுதான். ஆனா வாந்தியோ பேதியோ வந்தா ஓஆர்எஸ், பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுத் தண்ணியில கரைச்சு. அம்மாயி பிரஷருக்கு நீர் மாத்திரை போடுது. இந்த மாதிரி மாத்திரை, மனநல மாத்திரை, இதய மாத்திரை போடுறவங்களுக்கு வெயில் சீக்கிரம் தாக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க. இதயம், சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னும் அப்பவே கேட்டுக்கோங்க.

இன்சுலினை டாஷ்போர்டுல வச்சுட்டுப் போகாதீங்க. போட்டுக்கிட்டிருக்கிற பாட்டில் பொதுவா 30 டிகிரிக்குக் கீழே இருந்தாத்தான் ஒரு மாசம் தாங்கும். சின்ன மண்சட்டியில ஈர மணலைப் போட்டு, உள்ளே டப்பாவுல வச்சு, மேலே ஈரத்துணி மூடினா வறண்ட ஊர்ல நல்லாவே நிக்கும். கடலோரம்னா ஐஸ் பெட்டி, ஆனா ஐஸ் மேல நேரா படக் கூடாது. உறைஞ்சு போன இன்சுலினைத் தூக்கிப் போட்டுடுங்க. பவர் பேங்க், லைட்டர், இன்ஹேலர் இதெல்லாமும் பூட்டின வண்டியில விடக் கூடாத சாமான்.

யாருக்காவது தலை சுத்தி, வேர்த்துக் கொட்டி, கெண்டைக்கால் இழுத்தா நிழல்ல படுக்க வச்சுத் தண்ணி கொடுங்க. பேச்சு குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியலைன்னாலோ, வலிப்பு வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்னு எடுத்துக்கோங்க. வேர்வை இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி. ஒருத்தர் 108க்குப் போன் பண்ணுங்க, மத்தவங்க தண்ணியை ஊத்தி விசிறுங்க. மயக்கத்துல இருக்கிறவங்க வாயில ஒரு சொட்டுத் தண்ணியும் விடாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

இந்த வருசம் மாமா தனுஷ்கோடி வரைக்கும் போகணும்ங்கிறார். அம்மாயி ஜூலை மாசம் போலாம்ங்குது. நான் அம்மாயி கட்சி.

சந்தேகம் இருந்தா கேளுங்க. இன்னைக்கு நைட் டூட்டி, பதில் போடக் கொஞ்சம் லேட் ஆகும்.